அனுமதியும் அவகாசமும் கொடுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், அங்கே நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், விலங்கியல் துறைகளை நடத்துகிறவர்களுக்கும், இரண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளின் டீன்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் கலைக் கல்லூரிக்காரர்கள் மருத்துவக் கல்லூரியைக் கை காட்டுவார்கள். மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பல்கலைக்கழகத்தைக் கை காட்டுவார்கள். எல்லோரும் ஒரே தாளைப் படித்துவிடுவது நல்லது.

நான் பாலக்கோடு பக்கத்துக்காரி. 2021-இல் பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் நான்காண்டு ஹானர்ஸ் படிப்பில் சேர்ந்து 2025-இல் முடித்தேன். நான்காம் ஆண்டு பெரும்பாலும் ஒரே ஆய்வில் போனது. அந்த ஆய்வை நான் செய்தது பெங்களூர் மக்களை வைத்து இல்லை. நம்மூர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும், அதைக் குடித்தவர்களின் சிறுநீரையும் வைத்து, அவற்றில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பார்த்தேன். பாலக்கோட்டுப் பெண் பாலக்கோட்டுத் தண்ணீரை ஆராய ஓசூர் தாண்டிப் போக வேண்டியிருந்தது ஏன் என்பதுதான் இந்த மடல்.

ஹானர்ஸ் என்றதும் சிலர் முகம் மாறுவது தெரியும். 2022 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் ஆய்வேட்டுக்கு மட்டும் 12 கிரெடிட். இந்த நான்காண்டுப் படிப்புக்கு வழிவகுத்த தேசியக் கல்விக் கொள்கையை நம் மாநிலம் ஏற்கவில்லை. கர்நாடகமும் 2021-இல் கொண்டுவந்த நான்காண்டுப் படிப்பை 2024-இல் மாற்றி மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டது. எங்களுடையது தனியார் பல்கலைக்கழகம் என்பதால் நாங்கள் தொடர்ந்தோம். இன்னும் ஓராண்டு கட்டணத்துக்கும் விடுதிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே போவாள் என்ற கேள்வி நியாயமானது. அதனால் நான்காம் ஆண்டு வேண்டும் என்று நான் வாதாடப் போவதில்லை. நான் சொல்வதற்கு மூன்றாண்டுப் படிப்பே போதும். இப்போதிருக்கும் ஆறாம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டும், எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டும் போதும். அவை உண்மையில் நடந்தால் போதும்.

இப்போது நடப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியாததில்லை. என் சித்தி மகள் இந்த இரண்டு மாவட்டங்களில் ஒன்றில் நுண்ணுயிரியல் படித்தாள். கல்லூரிப் பெயர் இங்கே வேண்டாம். கடைசி செமஸ்டரில் வகுப்பில் பாதிப் பேர் வெளியூர் ப்ராஜெக்ட் சென்டர் ஒன்றில் பணம் கட்டினார்கள். அவளும் கட்டினாள், சித்தப்பா மாம்பழ சீசன் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம். சில நாள் அங்கே போய் நின்று வேடிக்கை பார்த்தாள். பிறகு ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட் வந்தது. ஆடாதோடை இலைச் சாறு நனைத்த வட்டு, நான்கு பாக்டீரியா, வட்டைச் சுற்றி பாக்டீரியா வளராத தடுப்பு வளையத்தின் மில்லிமீட்டர் அளவு, கலர் போட்டோ. அந்தப் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பெட்ரி தட்டின் அடியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்த முதலெழுத்துகள் அவளுடையவை இல்லை. வேறு எந்த ஊர்ப் பெண்ணோ, எந்த வருடமோ வளர்த்த பாக்டீரியா அது.

வைவாவில் அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நான் கேட்டது வேறு. "எத்தனாலில்தானே சாறு எடுத்தாங்க, வெறும் எத்தனால் வச்ச வட்டு எங்கடி?" என்றேன். அவள் விழித்தாள். எத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லும். பக்கத்தில் வெறும் எத்தனால் நனைத்த வட்டு ஒன்றும் இருந்தால்தான், கொன்றது இலையா சாராயமா என்று பிரித்துச் சொல்ல முடியும். ஆய்வு என்பதன் பாதி அந்த ஒரு வட்டில் இருக்கிறது. அதை அவளுக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. சொல்லித்தராததற்காக அவள் காசும் கட்டியிருக்கிறாள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அக்கறை இல்லை" என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வதை நானும் கேட்டிருக்கிறேன். ஏற்க மாட்டேன். அதே சித்தி மகள் என்னோடு ஊர் ஊராக வந்து தண்ணீர் பிடித்தாள். ஒவ்வொரு பாட்டிலிலும் ஊர், தெரு, கிணற்றின் ஆழம், பிடித்த நேரம் எல்லாம் அவள் கையெழுத்து. கண்ணாடி பாட்டிலில் ஃபுளோரைடு மாதிரி எடுக்கக் கூடாது, பிளாஸ்டிக்கில்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு முறைதான் சொன்னேன். ஒரு பாட்டி அன்போடு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் மொண்டு நீட்டியபோது, அவளே சிரித்துக்கொண்டு மறுத்து ஏன் என்றும் விளக்கினாள். அக்கறை எல்லாம் இருக்கிறது. வேலை கொடுக்கத்தான் ஆளில்லை.

சரி, நம்மூரில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்தான் ஃபுளோரோசிஸ். இந்தியாவில் மனிதர்களிடம் அதைக் கண்டு எழுதிய ஆரம்பகால அறிக்கைகளில் ஒன்று சென்னை மாகாணத்திலிருந்துதான் வந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநராக இருந்த எச். இ. ஷார்ட்டும் அவருடைய குழுவினரும் நெல்லூர்ப் பகுதி மக்களின் எலும்புகளையும் மூட்டுகளையும் பார்த்து 1937-இல் எழுதினார்கள். நம் பகுதிக்கு அந்த நோய் புதிதில்லை. அடியில் கருங்கல்லும் நைஸ் (gneiss) என்ற பாறையும். அவற்றிலுள்ள ஃபுளோரைடு கனிமங்கள் நிலத்தடி நீரில் மெல்லக் கரைகின்றன. கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய தண்ணீரில் இன்னும் அதிகமாகக் கரையும். போர் ஆழமாகப் போகப் போக, பாறையோடு பல காலம் ஒட்டிக் கிடந்த தண்ணீரைத்தான் மேலே இழுக்கிறோம். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் பல வருடம் குடித்தவர்களின் பற்களும் முதுகும் எப்படி இருக்கும் என்று நம் தாத்தா பாட்டிகளைப் பார்த்தாலே தெரியும்.

அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் இருக்கிறது. அது தணிந்ததா? எவ்வளவு? எந்தத் தெருவில்? இதைக் கேட்கத்தான் நம்மிடம் ஆயிரக்கணக்கில் அறிவியல் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் துளசி இலையையும் வேப்பிலையையும் ஈ. கோலை பாக்டீரியா மேல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஓர் ஆய்வைச் சொல்கிறேன். இது என்னுடையது இல்லை, செய்ய எனக்கு வாய்க்கவில்லை, யாராவது எடுத்துக்கொள்ளட்டும். நிரந்தர முன்பல்லின் எனாமல் பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் குழந்தை குடித்த தண்ணீரின் கதை அந்தப் பல்லில் பதிந்துவிடுகிறது, பிறகு மாறுவதில்லை. 2013-க்குப் பின் பிறந்து, ஆரம்பம் முதல் காவிரித் தண்ணீர் குடித்த பிள்ளைகள் இப்போது நடுநிலைப் பள்ளி வயதுக்கு வந்துவிட்டார்கள், முன்பற்கள் முளைத்துவிட்டன. அதே வீட்டில் அண்ணனோ அக்காவோ போர் தண்ணீரில் வளர்ந்தவர்கள். அதே அப்பா அம்மா, அதே அடுப்பு, அதே களி, தண்ணீர் மட்டும் வேறு. குழாய் வந்த நாளும் ஊருக்கு ஊர் வேறு. இப்படி ஓர் ஒப்பீடு ஆய்வகத்தில் கோடி கொட்டினாலும் கிடைக்காது. இதற்கு வேண்டியது பகல் வெளிச்சம், வாய்க் கண்ணாடி, கேமரா, டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வகுத்த ஃபுளோரோசிஸ் அட்டவணை, அதைப் பார்த்து மதிப்பெண் போடப் பயிற்சி தர ஒரு பல் மருத்துவர். போட்டோவில் அண்ணன் யார் தம்பி யார் என்று தெரியாமல் இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். செலவு, ப்ராஜெக்ட் சென்டருக்குக் கட்டுவதை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆனால் இதை நாளைக்கே ஒரு மாணவி செய்யக் கிளம்ப முடியாது. கிளம்பவும் கூடாது. அவள் தொடப் போவது மனிதர்களை, அதிலும் குழந்தைகளை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதமும் வேண்டும், பன்னிரண்டு வரை வாய்ச்சொல்லாக, அதற்கு மேல் எழுத்தாக. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நெறிமுறைக் குழு (எத்திக்ஸ் கமிட்டி) திட்டத்தைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். ஆய்வை முடித்துவிட்டுப் பின்தேதியிட்டு வாங்குவதற்கு இடமே இல்லை.

நம் கலை அறிவியல் கல்லூரிகளில் அப்படி ஒரு குழுவை நான் பார்க்கவில்லை. இருக்கவேண்டிய குழு லேசானதும் இல்லை. ஏழிலிருந்து பதினைந்து பேர். தலைவர் வெளி நிறுவனத்தவர். மருத்துவர், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், படிப்பு வட்டத்துக்கு வெளியே இருந்து ஒரு சாதாரண மனிதர் எல்லோரும் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, உயிர்மருத்துவ ஆய்வைப் பரிசீலிக்கும் குழு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தனியே இதை அமைப்பது நடவாத காரியம்.

குழு இல்லாத இடத்தில் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, மனிதர் பக்கமே போகாமல் இலை பறிக்கப் போய்விடுவது. நம் மாணவர்கள் எல்லோரும் ஏன் இலைச்சாறு ஆய்வே செய்கிறார்கள் என்றால், இலையிடம் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. இன்னொன்று ஆபத்தானது. தெரிந்த லேப் அண்ணனிடம் சொல்லி, மிச்சமான ரத்தக் குழாய்களை வாங்கி வந்து ஏதாவது அளந்துவிடுவது. அந்த ரத்தம் யாருடையது, அவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா, அவர் கேட்டால் என்ன சொல்வது, எதுவும் தெரியாது. பெயர் நீக்கிய மிச்ச மாதிரியை ஒப்புதல் படிவம் இல்லாமல் பயன்படுத்த வழி இருக்கிறதுதான். அந்த விலக்கைக் கொடுக்க வேண்டியவர்கள் குழுவினர். லேப் அண்ணனால் கொடுக்க முடியாது.

இதற்கு வழி அந்த 2017 நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறது. சொந்தக் குழு இல்லாத நிறுவனம், பக்கத்திலுள்ள இன்னொரு நிறுவனத்தின் குழுவைப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம். டீன் அவர்களே, இந்த மடலில் உங்களிடம் நான் முதன்மையாகக் கேட்பது இதுதான். தருமபுரியில் 2008 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியில் 2022-இல் திறந்தார்கள். உங்கள் குழுக்களின் கதவை அந்தந்த மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கும் ஓர் ஒப்பந்தத்தால் திறந்துவிடுங்கள். உங்களுக்கு வேலைப்பளு என்பதை மறுக்கவில்லை. உங்கள் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளே குவிந்து கிடக்கும். ஆனால் மாணவர் திட்டங்களில் பெரும்பாலானவை குறைந்த ஆபத்துள்ளவை. அவற்றுக்கு முழுக் குழு கூட வேண்டியதில்லை, விரைவுப் பரிசீலனை போதும். ஆபத்தே இல்லை என்னும்படியானவற்றுக்கு விலக்கும் தரலாம். அதை முடிவு செய்வதும் குழுதான், மாணவியோ கைடோ இல்லை.

எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் நம் பக்கத்திலேயே ஒரு நிறுவனத்தில் கேட்டேன். "நீ எங்க ஸ்டூடண்ட் இல்லையேம்மா" என்றார்கள். எங்கள் பல்கலைக்கழகக் குழு திட்டத்தைப் படித்து, திருத்தச் சொல்லித் திருப்பியனுப்பியது. ஒப்புதல் படிவத்தின் தமிழ் பத்தாம் வகுப்புப் பாடநூல் போல இருக்கிறது, ஊரில் யாருக்குப் புரியும் என்று கேட்டார் குழுவில் இருந்த ஒரு வழக்கறிஞர், அவரும் தமிழர்தான். சிறுநீர் எதற்கு, எவ்வளவு, முடிவை யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து நின்றுவிடுமா என்று ஒரு பெரியம்மா கேட்கக்கூடிய கேள்விகளாகவே படிவத்தை மாற்றி எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் பக்கத்தில் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் இருந்து கையெழுத்திட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வேப்பனப்பள்ளி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே தெலுங்கிலும் கன்னடத்திலும் படிவம் இல்லாமல் வாங்கும் ஒப்புதல், ஒப்புதலே இல்லை.

ஊரில் என்ன நடந்தது என்றால், "ஏம்மா, ஒன்னுக்குப் பிடிக்கவா உன்னை பெங்களூர் அனுப்பிப் படிக்க வச்சாங்க?" என்று முதல் நாளே ஒரு அப்பாயி கேட்டார். தெருவே சிரித்தது. பிறகு அவர்தான் எல்லோரையும் கூட்டி வந்தார். தெர்மகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மீனா என்பார். ஆமாம் அண்ணா, லக்கேஜ் போட்டுக்குங்க என்பேன்.

ஆய்வகத்தில் நேரம் போனது அளப்பதில் இல்லை, அளவுகோலை நம்புவதில். ஃபுளோரைடு மின்முனையின் நுனியில் லாந்தனம் ஃபுளோரைடு படிகம் இருக்கும். ஃபுளோரைடு பத்து மடங்கு ஏறினால் காட்டும் மின்னழுத்தம் 25 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் இறங்க வேண்டும். அந்தச் சாய்வு சரியாக வராத நாளில் மாதிரி அளக்கக் கூடாது. ஒவ்வொரு மாதிரியிலும் டிசாப் என்ற கரைசலைச் சேர்க்க வேண்டும். தண்ணீரிலுள்ள அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். அதை விடுவிப்பதும், அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவை ஐந்தரைக்குப் பக்கத்தில் நிறுத்துவதும் அதன் வேலை. முதல் வாரங்கள் இதிலேயே போய்விட்டன. என் கைடு அவசரப்படுத்தவில்லை. ஒரே மாதிரியை என்னையும் இன்னொரு மாணவனையும் தனித்தனியே அளக்க வைத்து, இரண்டு எண்ணும் ஒத்துப்போகும் வரை அடுத்ததைத் தொட விடவில்லை. அப்போது எரிச்சலாக இருந்தது.

இந்த ஆய்வில் நான் தேடிப் போன தொடர்பு ஒன்று வரவே இல்லை. சிறுநீரில் ஃபுளோரைடு கூடினால் ரத்தசோகையும் கூடும் என்று எதிர்பார்த்தேன். ஃபுளோரைடைக் குறைத்து உணவையும் சரிசெய்தால் கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபின் ஏறுகிறது என்று ஏ. கே. சுசீலா குழுவினர் 2010-இல் எழுதியதைப் படித்த வேகம். என் தரவில் அப்படி எதுவும் தெளிவாக வரவில்லை. எத்தனை பேரை எடுத்தேன், ஏன் அது போதாமல் இருக்கலாம், வேறு என்ன காரணம் குறுக்கே வந்திருக்கலாம் என்று ஓர் அத்தியாயமே எழுதினேன். வைவாவில் தேர்வாளர் அதிக நேரம் பேசியது அந்த அத்தியாயத்தைப் பற்றி, மதிப்பெண்ணும் கொடுத்தார். நம் பக்கம் "ரிசல்ட் வரலையா? சிக்னிஃபிகன்ட்டா ஏதாவது காட்டும்மா" என்று கைடே சொல்லும் கதைகளை நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருபது வயதில் ஒரு பெண்ணுக்கு எண்ணைத் திருத்தக் கற்றுக்கொடுத்துவிட்டு, நாளை அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்து கொடுக்கும் சர்க்கரை அளவை நாமே நம்ப வேண்டியிருக்கும். வைவா மதிப்பெண் அட்டவணையில், வராத முடிவை நேர்மையாக எழுதியதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். புள்ளியியல் சொல்லித்தர ஆளில்லை என்பீர்கள். மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் ஆள் இருப்பார். மாதம் ஒரு பிற்பகல் அவரைக் கலைக் கல்லூரிகளுக்கு விட்டால் பல ப்ராஜெக்ட் தரவு சேர்க்கும் முன்பே பிழைத்துக்கொள்ளும்.

தேடாத ஒன்றும் கிடைத்தது. குடத்தில் இருப்பது காவிரித் தண்ணீர்தான், சந்தேகமில்லை. சமையலறைக்குள் போய்ப் பார்த்தால் களி கிண்டவும் குழம்புக்கும் பல வீட்டில் போர் தண்ணீர். குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் அதைக் குடிக்க மட்டும் சேமிக்கிறார்கள். "நல்லா கொதிக்குதே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். கொதித்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாக ஆவியாக மிச்சத்தில் கூடத்தான் செய்யும். என் வினாப்பட்டியலில் முதலில் "என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்" என்று மட்டும் இருந்தது. முன்னோட்டமாகச் சில வீடுகளுக்குப் போனபோதே "எதில் சமைக்கிறீர்கள்" என்பதைச் சேர்த்தோம். வெளியூர் ப்ராஜெக்ட் சென்டர்காரர் இதை ஒரு நாளும் கண்டுபிடிக்க மாட்டார். எங்கள் ஊர்ப் பெண் அடுப்பங்கரைக்குள் போனதால் தெரிந்தது.

கலை அறிவியல் கல்லூரி முதல்வர்களே, அவகாசம் உங்கள் கையில்தான் இருக்கிறது. ப்ராஜெக்ட் ஆறாம் செமஸ்டரில் என்று அட்டவணையில் போட்டால், டிசம்பர் கடைசியில் தலைப்பு, பொங்கல் விடுமுறை, ஆண்டு விழா, மாதிரித் தேர்வு என்று போய், வேலை நடப்பது மாசி பங்குனியில் சில வாரம். கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மழைக்கு முன் ஒரு அளவு, மழைக்குப் பின் ஒரு அளவு. இரண்டையும் பார்க்காதவர் பாதிதான் பார்த்தவர். ஆறாம் செமஸ்டரில் தொடங்குகிறவருக்கு வடகிழக்குப் பருவமழை ஏற்கெனவே முடிந்துவிட்டது. மதிப்பெண் ஆறாம் செமஸ்டரிலேயே இருக்கட்டும், பல்கலைக்கழக விதியை மாற்றச் சொல்லவில்லை. தலைப்பையும் கைடையும் ஐந்தாம் செமஸ்டர் திறந்த ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். ஆகஸ்டுக்குள் திட்டம் குழுவுக்குப் போனால், மழைக்கு முன் ஒரு சுற்று, பின் ஒரு சுற்று எடுக்கலாம்.

நாலு மணிக்கு லேபைப் பூட்டுவதும் உண்டு. பாக்டீரியா வளர 16, 18 மணி நேரம் ஆகும். மறுநாள் வளையத்தை அளக்க வேண்டிய நேரம் கல்லூரி நேரத்தில் விழுந்தால்தான் உண்டு. பெண் பிள்ளைகளை இருட்டிய பின் வைத்திருக்க முடியாது என்கிறீர்கள். கடைசி டவுன் பஸ்ஸை விட்டால் விடியல் பயணமும் இல்லை என்பது எனக்கும் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் காலை வகுப்பை ப்ராஜெக்ட் மாணவர்களுக்கு விட்டுக்கொடுத்து, லேபை எட்டு மணிக்குத் திறந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பகுதி தீரும்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை உண்டு, நம் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்ட உதவி என்று ஒன்று உண்டு. மூன்று இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை கால ஆய்வு உதவித்தொகையும் இருக்கிறது. அறிவிப்பை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் மட்டும் போதாது, தேதி முடியும் முன் ஒட்டுங்கள்.

கடைசியாக, ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது. நான் அளந்த ஒவ்வொரு கிணற்றின் எண்ணையும் ஒரு பக்கத் தமிழில் எழுதி ஊராட்சித் தலைவரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொடுத்தேன். எங்கள் குழு அதை நிபந்தனையாகவே போட்டிருந்தது. தனி ஆளின் பெயர் அதில் இல்லை, கிணறு மட்டும். ஓர் ஊரில் அதைப் படித்துவிட்டு, பள்ளிச் சத்துணவுக்கு எந்தக் குழாயிலிருந்து பிடிக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தார்கள். உங்கள் நூலக அலமாரியில் பைண்ட் பண்ணிய ரிப்போர்ட்டுகள் எத்தனை இருக்கின்றன. அவற்றில் எதையாவது ஓர் ஊர் படித்திருக்கிறதா? ஆய்வேட்டோடு இப்படி ஒரு தமிழ்ப் பக்கமும் கொடுத்தால்தான் சமர்ப்பிப்பு முழுமை என்று ஒரு விதி போடுங்கள். வாங்கிய ரிப்போர்ட்டுக்கு அந்தப் பக்கத்தை எழுத முடியாது, ஏனென்றால் கொடுப்பதற்கு ஊரே இருக்காது.

எங்கள் குழு ஒப்புதல் தந்த தமிழ்ப் படிவம், மாதிரி எடுக்கும் முறைக் குறிப்பு, வினாப்பட்டியல் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. எந்தத் துறை கேட்டாலும் கொடுக்கிறேன்; தெலுங்கு, கன்னட வடிவத்தை ஓசூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று செய்துகொடுத்தால் எல்லோருக்கும் ஆகும். அடுத்த ஐந்தாம் செமஸ்டர் ஜூனில் திறக்கிறது. அதற்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரியும் ஒரே ஒரு கலைக் கல்லூரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் போதும், பல் ஆய்வை முதல் திட்டமாக அனுப்பலாம். கைடாக இருக்க ஆசிரியர் ஒருவர் முன்வந்தால், மதிப்பெண் போடும் இரண்டாவது ஆளாக நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்திலிருந்து,
உயிர்மருத்துவ அறிவியல் படித்த ஒரு மாணவி